கழியோரத்தில் ஒரு காலை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டபோது, "வேதியியல் மாணவியிடம் போய்க் கட்டுரை கேட்கிறீர்களே, இது முறையா?" என்று தப்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. "ஞாயிறுதோறும் சேற்றங்கரையில் நின்று பறவை பார்க்கிறவள் நீதானே? அதை எழுது" என்றார். சேற்றங்கரையில் நிற்பது எளிது, எழுதுவதுதான் கடினம் என்பது இப்போது தெரிகிறது. பறவைகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுதப் பாதிக் கட்டுரை என் தந்தையாரைப் பற்றியதாகிவிட்டது. அவருக்குப் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே இதை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

விடுதி நண்பர்களுக்குத் தாணே என்றால், இறங்க வேண்டியவர் இறங்க முடியாமலும் ஏற வேண்டியவர் ஏற முடியாமலும் தவிக்கும் ஒரு ரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து புறப்பட்ட இந்நாட்டின் முதல் பயணி ரயில் வந்து நின்ற ஊர் அது என்பதும் சிலருக்கு நினைவிருக்கலாம். நான் பிறந்து வளர்ந்த ஊர் என்பதைத் தவிர அதற்கு இப்படி வேறு சில பெருமைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று ஊருக்குக் கிழக்கே கிடக்கும் கழி. வடக்கே உல்லாஸ் ஆற்றோடு ஒரு குறுகிய கால்வாயால் தொடர்புற்று, தெற்கே மும்பைத் துறைமுகம் வரையில் சுமார் 26 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. நாளொன்றுக்கு இருமுறை கடல் அதனுள் புகுந்து ஏறும், இருமுறை இறங்கும். கரையெல்லாம் கண்டல் காடு. இந்தக் 'கண்டல்' என்ற சொல்லை நம் சங்கத்துத் தமிழ் வகுப்பில்தான் நான் கற்றேன். அதுவரை 'மேங்ரோவ்' என்றே சொல்லிவந்தேன். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நெய்தல் பாடிய புலவர்கள் கழியையும் கண்டலையும் சேர்த்தே பாடியிருக்கிறார்கள் என்று கேட்டபோது, எங்கள் வீட்டுப் பின்புறத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது போல் இருந்தது.

அந்தக் கழியின் மேற்குக் கரையில், ஐரோலிப் பாலத்துக்கும் வாஷிப் பாலத்துக்கும் இடைப்பட்ட பகுதியை 2015 ஆகஸ்டில் மகாராஷ்டிர அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. மொத்தம் 1,690 ஹெக்டேர். அதில் 896 ஹெக்டேர் கண்டல் காடு. மீதி 794 ஹெக்டேர் நீர்ப்பரப்பு. இந்தியாவிலேயே பெருநகரம் ஒன்றின் மடியில், அடுக்குமாடிகளும் ஆலைப் புகைபோக்கிகளும் சூழ்ந்திருக்க, இத்தனை பெரிய பறவைக் கூட்டம் வந்து தங்கும் இடம் வேறு அரிது. ஐப்பசி, கார்த்திகையில் வரத் தொடங்கும் பூநாரைகள் வைகாசியில் மழை மேகம் திரளும் வரை இருக்கின்றன. எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிய ஆண்டுகளும் உண்டு.

நான் அங்கே பறவை பார்க்கப் போகவில்லை. தண்ணீர் எடுக்கப் போனேன். முதுகலை ஆய்வேட்டுக்காகக் கழிநீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனை அளந்து வரும்படி என் ஆசிரியர் பணித்திருந்தார். வேதியியல் நண்பர்களுக்கு விங்க்ளர் முறை தெரிந்திருக்கும். 1888-இல் அவர் வகுத்த முறைதான் இன்றும் ஆய்வுக்கூடத்தில் சோறு போடுகிறது. புட்டியில் பிடித்த நீரில் மாங்கனீஸ் உப்பையும் கார அயோடைடையும் விட வேண்டும். ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் படிவு இறங்கும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இறங்கும். நீர் வற்றியிருந்த ஒரு காலை, சாக்கடை ஒன்று கழியோடு கலக்கும் வாயருகே புட்டியைப் பிடித்து மருந்தை விட்டேன். வெள்ளை. பால் திரிந்தாற்போன்ற வெள்ளை. மீன் மூச்சுவிட ஒரு துளி ஆக்ஸிஜன் இல்லாத நீர் அது. "செத்த தண்ணீர்" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தினேன். எதிரே, சேற்றுவெளி முழுவதும் இளஞ்சிவப்பாக இருந்தது.

முதலில் அது வெயிலின் வேலை என்றே நினைத்தேன். பிறகு அந்தச் சிவப்பு நடந்தது. ஆயிரக்கணக்கான பூநாரைகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, நாற்று நடும் பெண்களைப் போல ஒரே திசையில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. செத்த தண்ணீரில் இத்தனை உயிரா என்ற திகைப்பில் நான் அடுத்த புட்டியைப் பிடிக்க மறந்துபோனேன். ஆசிரியரிடம் அதற்காகத் திட்டும் வாங்கினேன்.

விடை பிறகு தெரிந்தது. விஞ்ஞானப்படி அதில் விந்தை ஒன்றுமில்லை. ஊரார் வெளியேற்றும் கழிவில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைந்திருக்கின்றன. வயலுக்கு எரு போட்டால் பயிர் செழிப்பதுபோலக் கழியில் கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசிகள் செழிக்கின்றன. இங்கே பெரும்பான்மையாக வரும் சிறு பூநாரைக்கு அந்தப் பாசிதான் ஆகாரம். பெரும் பூநாரையோ சேற்றில் வாழும் சிற்றுயிர்களையும் சேர்த்துத் தின்னும். இரண்டுக்கும் அலகு வளைந்தது. அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கைப் பம்பு போல் இயக்கி நீரை உறிஞ்சி வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற மெல்லிய தகடுகள் சல்லடையாக நின்று இரையை மட்டும் தடுத்துக்கொள்ளும். அந்த இரையிலுள்ள நிறமிகளே அதன் இறகுக்கு ஏறுகின்றன. குஞ்சாக இருக்கும்போது அது சாம்பல் நிறம்தான். ஆக, நாம் காலையில் கழித்து விடுவது ஒரு சுற்றுச் சுற்றி அந்தச் சிறகில் ரோஜா நிறமாக ஏறுகிறது. இதைக் கேட்டு என் அறைத்தோழி மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கென்னவோ பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆறுதல் அளவோடு இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழிவோடு வண்டலும் வந்து படிகிறது. சேற்றுவெளி மேடாகிறது, மேடான இடத்தில் கண்டல் முளைக்கிறது. காடு பெருகுவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பூநாரைக்கு வேண்டியது மரமில்லாத திறந்த சேறு. காடு முன்னேற முன்னேற அதன் சாப்பாட்டு மேசை சுருங்குகிறது. மறுகரைத் தொழிற்பேட்டையின் கழிவு இருக்கிறது, அதன் உலோகங்கள் இருக்கின்றன. நன்மை தீமை என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுத முடியாத கணக்கு இது.

அன்றிலிருந்து பறவைப் பித்துப் பிடித்துக்கொண்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883-இல் தோன்றியது என்பதும், அதன் பெருமகனார் சாலிம் அலி 1896-இல் இதே பம்பாயில் பிறந்தவர் என்பதும், 1941-இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் நூலைப் பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி வாங்கலாம் என்பதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கட்ச் உவர்நிலத்தில் பூநாரைகள் சேற்றைக் குவித்துக் கூடு கட்டும் 'பூநாரை நகர'த்தை 1945-இல் அவர் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். நம் கழிக்கு வரும் பறவைகளுக்கும் குஜராத்துக்கும் போக்குவரத்து உண்டு. நெடுங்கால் உள்ளான், பவளக்காலி, கருவால் மூக்கன், ஆலா என்று பெயர்களை மனப்பாடம் செய்தேன். கனிம வேதியியலில் அந்த அக்கறை காட்டியிருந்தால் முதல் வகுப்பு உறுதி.

பறவை பார்ப்பவருக்கு நாட்காட்டி பஞ்சாங்கம் அல்ல, ஓத அட்டவணை. நீர் முழுதும் வற்றியிருந்தால் பறவைகள் தொலைதூரச் சேற்றில் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். நீர் ஏற ஏற அவை கரையை நோக்கி நெருங்கி வரும். உச்ச ஓதத்தில் சேறே மிச்சமிராது. அப்போது எழுந்து, உப்பளங்களுக்கும் குளங்களுக்கும் போய் நீர் இறங்கும் வரை ஒற்றைக்காலில் காத்திருக்கும். ஓதம் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி வருவதால், ஒரு ஞாயிறு நல்ல நேரமாக இருந்தால் அடுத்த ஞாயிறு வீண். மராத்தியில் நீர் ஏறுவதைப் 'பர்தி' என்பார்கள், இறங்குவது 'ஓஹோட்டி'. பள்ளத்தில் மண்ணும் கல்லும் கொட்டி மேடாக்குவதற்கும் அதே வேரிலிருந்து ஒரு சொல் உண்டு: 'பராவ்'. கடல் நிரப்பினால் பர்தி, மனிதன் நிரப்பினால் பராவ். இந்த இரண்டாவது சொல்லை எங்கள் வீட்டில் நான் சிறுவயது முதலே கேட்டிருக்கிறேன். ஏன் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். திருநெல்வேலிச் சீமையில் நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1992-இல், பதினேழு வயதில், தாராவியில் இருந்த தாய்மாமன் வீட்டுக்கு வந்தவர். பிறகு தாணேக்கு வந்து, கழிக்கரைச் சாலில் ஓர் அறை வாங்கிக் குடும்பமானார். இருட்டோடு பெண்பிள்ளை சேற்றுக்காட்டுக்குப் போவதா என்று அம்மா தடுத்தபோது, "நான் கொண்டு விடுதேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்தவர் அவர்தான். ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஆட்டோவை எடுப்பார். கிழக்கு விரைவுச் சாலையில் முலுண்டு தாண்டி, பாண்டுப் நீரேற்று நிலையத்துக்குப் பிரியும் பாதையில் திரும்புவோம். இருபுறமும் உப்பளமும் கண்டலும். நண்பர்கள் கழிக்கரை நோக்கி நடப்போம். அப்பா மட்டும் வரமாட்டார். வண்டியின் பின்னிருக்கையில் காலை நீட்டிப் படுத்துவிடுவார். "வாங்கப்பா, வந்து பாருங்க" என்று எத்தனையோ தடவை அழைத்திருக்கிறேன். "நீ போயிட்டு வா தாயி. எனக்குக் கொக்கு பார்த்து என்ன ஆகப்போவுது?" என்பார். வாரம் முழுதும் உழைத்த அலுப்பு என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 2-ஆம் நாள் உலக ஈரநில நாள். 1971-இல் அந்த நாளில்தான் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதையொட்டி எங்கள் துறையில் ஒரு கூட்டம். பேச என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். முதல் நாள் இரவு சமையற்கட்டுக்கும் கட்டிலுக்கும் இடையே நின்று பேச்சை ஒத்திகை பார்த்தேன். ஆங்கிலத்தில் தயாரித்தது, அம்மாவுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கண்டல் எப்படிச் சேற்றிலிருந்து மூச்சுவேர்களை மேலே நீட்டிச் சுவாசிக்கிறது, வேர்மேல் ஒரு முழம் மண் விழுந்தாலும் எப்படி மூச்சு முட்டிச் சாகிறது என்பதையெல்லாம் விவரித்தேன். 1991-இலேயே கடற்கரை ஒழுங்குமுறை ஆணை வந்ததைச் சொன்னேன். 2005-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் மாநிலம் முழுவதும் கண்டலை அழிக்கக் கூடாது என்று தடை விதித்ததையும் சொன்னேன். பிறகு குரலை உயர்த்தினேன். "இரவோடிரவாக லாரி லாரியாக இடிபாடுகளைக் கொண்டுவந்து கழியின் கழுத்தை நெரித்த அந்தக் கொலைகாரர்கள்" என்று ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். கைதட்டல் அதற்குத்தான் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"அந்த லாரியில போனவனுக்கு என்ன தண்டனை குடுக்கணும்ங்க?" என்று கேட்டார்.

"ஜெயில்ல போடணும்பா" என்றேன், பேச்சின் சூட்டில்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைகால் கழுவினார். சாப்பிட்டார். வழக்கமாகச் சாப்பிட்டதும் வாசற்படியில் போய் உட்காருகிறவர், அன்று என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

1994-லிலும் அதற்கடுத்த ஆண்டிலும் அவர் லாரிக் கிளீனராக இருந்தாராம். நகரத்துக்குள் இடித்த பழைய கட்டடங்களின் செங்கல், காரை, ஓடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இரவு பதினொரு மணிக்குமேல் கழிக்கரைக்கு வருவார்கள். ஒருவன் டார்ச் விளக்கைக் காட்டி எங்கே கொட்ட வேண்டும் என்பான். பின்கதவின் கொண்டியைத் தட்டிவிடுவது அப்பாவின் வேலை. ஒரு இரவுக்கு மூன்று நடை, நான்கு நடை. நடைக்கு இவ்வளவு என்று கையில் காசு. யாருக்காகக் கொட்டுகிறோம், அது சட்டமா என்று கேட்கும் வயதுமில்லை, மொழியுமில்லை. "முதல் லோடு விழும்போது சத்தத்துக்குக் கொக்கெல்லாம் குபீர்னு எந்திரிக்கும். ரெண்டாவது நடைக்குத் திரும்பி வரும்போது மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு மாசம் கழிச்சு அந்த இடத்துல எந்திரிக்க ஒண்ணுமில்ல" என்றார். அப்படிக் கொட்டிய இடங்களுள் ஒன்று நாங்கள் ஞாயிறுதோறும் போகும் வழியிலேயே இருக்கிறதாம். அதைக் கடக்கும்போதெல்லாம் அவர் கண்ணாடியில் பின்னால் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் கவனித்ததேயில்லை. எந்த இடம் என்று கேட்டேன். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஆட்டோவுக்கு முதல் தவணை கட்டியது அந்தக் காசில். அது மட்டுமா, நாங்கள் உட்கார்ந்திருந்த அறையே, சாலே, அதற்கப்புறமுள்ள கடைவீதியே அவர் வருவதற்கு முன்பு யாரோ கொட்டி மேடாக்கிய சேறுதான். தாராவியும் அப்படித்தான், கோளி மீனவர்களின் ஊருக்கு அருகே கிடந்த சதுப்பைக் குப்பையும் கல்லும் போட்டு நிரப்பி, அதன்மேல்தான் நம்மவர்கள் குடிசை போட்டார்கள். ஏழு தீவுகளை ஒட்டவைத்துப் பம்பாயைச் செய்த வெள்ளைக்காரர்களும் வேறென்ன செய்தார்கள்? பட்டியல் பெரிது, ஆனால் என் பேச்சில் அகப்பட்டுக்கொண்டவர் லாரியின் பின்கதவைத் தட்டிவிட்ட பத்தொன்பது வயதுப் பையன் மட்டும்தான். டார்ச் காட்டியவன்கூட என் வாக்கியத்தில் இல்லை; அவனை ஏவியவன் எப்படி இருப்பான்?

இவையெல்லாம் நான் அன்றிரவு நினைத்தவை. அப்பாவின் உறுத்தல் வேறு. அது கூந்தன்குளம்.

கூந்தன்குளத்தை நம் திருநெல்வேலி நண்பர்கள் அறிவார்கள். நாங்குநேரி வட்டத்தில் உள்ள அந்த ஊரில் குளத்து மரங்களில் மட்டுமல்ல, தெருவிலும் வீட்டுக் கொல்லையிலும் நிற்கும் மரங்களில்கூட நாரைகள் கூடு கட்டுகின்றன. கோடியக்கரைக்குப் போல அங்கும் பூநாரைகள் வருவதுண்டு. 1994-இல் அரசு அதைச் சரணாலயமாக்கியது. அதற்கு எத்தனையோ காலம் முன்பே ஊரார் அதைச் சரணாலயமாக வைத்திருந்தார்கள். பறவை வந்தால் மழை வரும், ஊர் செழிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பறவை மிரளுமென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பார்கள். பறவைகளின் எச்சம் கலந்த குளத்து வண்டலை வெட்டி வயலுக்கு உரமாகப் போடுவார்கள். அப்பாவின் ஊர் அதற்குக் கூப்பிடு தூரம். அவருடைய தாயார், என் ஆச்சி, அந்தக் குளக்கரையில் ஆடு மேய்த்தவர். கல்லெறிந்து ஒரு நாரையை விரட்டியதற்காக ஏழு வயதில் அப்பாவைப் புளியவிளாறால் விளாசியிருக்கிறார். "அந்த ஊர்ல பொறந்துட்டு, இங்க வந்து நான் செஞ்ச வேலையை ஆச்சிகிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. கம்பெனியில வேலைன்னு எழுதிப் போட்டேன்" என்றார். ஆச்சி போய்ச் சேர்ந்து ஆண்டுகள் ஆகிவிட்டன.

அங்கே பறவையின் எச்சம் மனிதனின் வயலுக்கு உரமாகிறது. இங்கே மனிதனின் எச்சம் பறவைக்கு உணவாகிறது. இதை நான் அப்பாவிடம் சொன்னேன், ஏதோ ஆறுதலாக இருக்கட்டும் என்று. அவர் சிரித்தார். "படிச்ச பிள்ள பேசுத பேச்சு" என்றார். 2022 ஆகஸ்டு மாதத்தில் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்ட இந்திய ஈரநிலங்களுள் கூந்தன்குளமும் உண்டு, தாணேக் கழியும் உண்டு என்பதையும் சொன்னேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. "ரெண்டும் ஒரே லிஸ்டுலயா?" என்று இரண்டு முறை கேட்டார்.

மறுநாள் கூட்டத்தில் பேசினேன். 'கொலைகாரர்கள்' என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்று கடைசி வரை தெரியவில்லை. கொட்டச் சொன்னவன் யார், மேடான நிலத்தை விற்றவன் யார், வாங்கிக் குடியிருப்பவர் யார் என்று மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுவிட்டு, மூன்றாவதற்கு "நானும் ஒருத்தி" என்று சொல்லி நிறுத்தினேன். கைதட்டல் சுமார்தான். கூட்டம் முடிந்ததும் ஒரு மூத்த மாணவர் வந்து, "கடுமை போதாது. இந்தக் குடிசைவாசிகளிடமும் லாரிக்காரர்களிடமும் இரக்கம் காட்டினால் ஒரு கொக்கும் மிஞ்சாது" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இரக்கத்தால் சேறு திரும்பி வந்துவிடாது. கொட்டப்பட்ட குளம் கொட்டப்பட்டதுதான். உச்ச ஓதத்தில் ஒதுங்க ஓர் இடம் குறைந்தால் பறவை நகரத்தின் மேலே அலைந்து வேறிடம் தேட வேண்டியதுதான். 2024 மே 20-ஆம் நாள் இரவு காட்கோபரில் தரையிறங்க வந்த விமானம் மோதி 39 பூநாரைகள் மாண்டன. மறுநாள் செய்தித்தாளில் வந்த படத்தை நான் இன்னும் வெட்டி வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்த மூத்த மாணவரின் மறுபாதியை என்னால் ஒப்ப முடியவில்லை. எனக்குத் தெரிந்த லாரிக்காரர் ஒருவர் முப்பது ஆண்டுகளாக ஒரு பாதையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்.

அதற்கடுத்த ஞாயிறு ஓதம் நமக்குச் சாதகமாக இருந்தது. எட்டு மணியளவில் உச்சம். நீரேற்று நிலையப் பாதையில் ஆட்டோ நின்றது. நான் இறங்கித் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நின்றுவிடுவாரோ என்ற பயம்.

கரையில் ஏற்கெனவே நான்கைந்து பேர் இருந்தார்கள். கண்டலின் மூச்சுவேர்கள் ஈட்டி நட்டாற்போல் சேற்றில் நின்றன. நீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. வேர்கள் ஒவ்வொன்றாக மறைவதை வைத்துத்தான் அது ஏறுகிறது என்றே தெரியும். பூநாரைகள் இன்னும் தொலைவில்தான். ஒரு பவளக்காலி எங்களைக் கண்டு மூன்று முறை கூவிவிட்டுப் பறந்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் நின்றார். ஒருவர் அவரிடம் மராத்தியில், "முதல் தடவையா?" என்று கேட்டார். "இல்லை. முன்பு வந்திருக்கிறேன், இரவில்" என்றார் அப்பா. கேட்டவர் ஆந்தை பார்க்க வந்தவர் என்று எண்ணிக்கொண்டார் போலும், மரியாதையோடு தலையசைத்தார்.

நீர் ஏற ஏறக் கூட்டம் நெருங்கியது. தொலைநோக்கி இல்லாமலே கால்கள் தெரிந்தன. வாத்துக் கூட்டத்தின் சத்தம்போல ஓயாத ஒரு முணுமுணுப்பு. தொலைநோக்கியை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து, "எங்கேயோ தூரத்துல இருக்கே" என்றார். திருப்பிக் கொடுத்தேன். பிறகு வெகுநேரம் அவர் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. கோலத்துக்குப் புள்ளி எண்ணுகிறவர் போல எண்ணுகிறார் என்று புரிந்தது. கூட்டமாக எண்ணும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் நூறு பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, அந்த அளவை வைத்துக் கூட்டத்தை அளந்துகொண்டு போக வேண்டும். "செங்கல் லோடு கணக்குப் போடுற மாதிரி" என்றார். ஆமாம், அதே கணக்குதான்.

எட்டேகாலுக்குச் சேறு முழுதும் மறைந்தது. யாரோ கட்டளையிட்டாற்போல முன்வரிசை எழுந்தது. அதைத் தொடர்ந்து அடுத்தது. சிறகின் அடியிலிருந்த சிவப்பும் கறுப்பும் ஒருசேர விரிந்தன. தலைக்கு மேலே அவை கடந்தபோது அப்பா கையால் தலையை மூடிக்கொண்டார், ஏனென்று தெரியவில்லை. அவை உப்பளப் பக்கம் திரும்பி இறங்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒன்பதாகிவிட்டால் கேஸ் பம்பில் வரிசை நீண்டுவிடும். எண்ணிக்கையை நான் இன்னும் குறிப்பேட்டில் ஏற்றி முடிக்கவில்லை. "போகலாம்பா, நேரமாச்சு" என்றேன்.

"நீ எழுதி முடிம்மா. நான் நிக்கேன்" என்றார்.